கழுத்தில் ஒரு சுற்று

அச்சத்தை வென்றவனே முழு மனிதன். மற்றவர்கள் எல்லாம் மனிதர்களாக ஆகிக்கொண்டிருப்பவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையின் வாசலில், ஷிப்டு மாறுகிற நேரத்தில், சுப்பராயன் இதை எத்தனையோ முறை முழங்கியிருக்கிறார். அவர் அங்கே சங்கச் செயலாளர். பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'தலைவரே'தான். புது மோட்டார் சைக்கிளை ராகுகாலத்தில் வெளியே எடுத்து ஊரே பார்க்க ஓட்டியவர். அந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது அவர் மனைவி. பெண்களின் சுதந்திரத்தில் தலையிடுவதில்லை என்பது சுப்பராயனின் கொள்கை. ஆகவே, பழம் ஒழுங்காக நசுங்கியதா என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே தங்கை, குணசுந்தரி. தாய் தகப்பன் போன பிறகு அவர்தான் வளர்த்து, பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, கவரைப்பேட்டையில் கோபாலுக்குக் கட்டிக் கொடுத்தார். கோபால் வேறொரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாலோ என்னவோ, தரையில் இருக்கும்போது அதிகம் பேசமாட்டான். கல்யாணமாகி நாலைந்து வருஷம் காத்திருந்து இப்போதுதான் குணசுந்தரி வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது.

ஒன்பதாம் மாத ஸ்கேனுக்குப் பொன்னேரிக்குப் போக வேண்டிய அன்று கோபாலுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியார் குப்பம்மாளுக்கோ, வயிற்றுக்குள் இருப்பதைப் பொட்டியில் எட்டிப் பார்ப்பது ஒரு குடும்பத்துப் பெண் செய்கிற காரியமாகவே படவில்லை. சுப்பராயனே கூட்டிக்கொண்டு போனார். மூடநம்பிக்கையின் கோட்டையில் அறிவியல் வைத்த ஜன்னல்தான் ஸ்கேன் என்று ரயிலில் பக்கத்து ஸீட்டுக்காரரிடம் சொன்னார். பொன்னேரி வருவதற்குள் அவர் எழுந்து வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்கேன் சென்டரில் உட்கார இடமில்லை. வந்த பெண்கள் எல்லோரும் சொன்னபடி பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே கூப்பிடும் வரை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். சுவரில், பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்று போர்டு. சுப்பராயன் அதை உரக்கப் படித்து, அதற்குப் பின்னால் இருக்கிற சட்டத்தையும் சமூக நீதியையும் விளக்க ஆரம்பித்தார். பெண்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. சமூக நீதியைவிட அவசரமான ஒன்று அவர்களுக்கு இருந்தது.

டாக்டர் ஹெலன், கூட வந்தவர்களையும் கடைசியில் உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிற வழக்கம் உள்ளவர். சுப்பராயன் போய்த் திரையைப் பார்த்தார். அடைமழையில் கேபிள் அறுந்த டிவி மாதிரி இருந்தது. ஆனாலும் புரிந்துவிட்டதற்கு அடையாளமாகத் தலையை ஆட்டி, ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டி, குழந்தையின் தலை நல்ல வளர்த்தியாக இருக்கிறது என்றார். அது தலை இல்லை, உங்கள் தங்கையின் மூத்திரப்பை என்றார் டாக்டர்.

குழந்தைக்குத் தலை கீழேதான் இருந்தது. எடை சரி, தண்ணீர் சரி, இதயத் துடிப்பு சரி. பிறகு, சட்டையில் ஒரு பொத்தான் போடவில்லை என்று சொல்கிற மாதிரி, டாக்டர் ஒன்று சொன்னார்.

"கழுத்துல கொடி ஒரு சுத்து சுத்தியிருக்கு. நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும். லூஸாத்தான் இருக்கு. நார்மல் டெலிவரிக்கு ஒண்ணும் தடையில்ல. ஆட்டம் மட்டும் பாத்துக்கம்மா. கொறைஞ்சா உடனே வந்துடணும்."

குணசுந்தரி சிரித்துவிட்டாள். "மாலை போட்டுக்கினே வருதா? நம்ம சங்கத்து ஆளுதான் போல," என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கழுத்தில் கொடி சுற்றிப் பிறப்பதற்கு அந்தப் பக்கத்தில் மாலை போட்டுப் பிறப்பது என்று பெயர். அப்படிப் பிறக்கிற பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. எந்த வகையில் ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கை கால் என்பார்கள் சிலர், தொழில் என்பார்கள் சிலர், பெரும்பாலோர் சுற்றி வளைக்காமல் உயிர் என்றே சொல்லிவிடுவார்கள். பரிகாரமும் உண்டு. மாமன்காரன் குழந்தையை நேருக்கு நேர் பார்க்காமல், தட்டில் ஊற்றிய நல்லெண்ணெயில் அதன் முகத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். குணசுந்தரிக்கு உடன்பிறப்பு சுப்பராயன் ஒருவர்தான். ஆகாமல் போவதைப் பங்கு போட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லை.

சுப்பராயன் சிரித்தார். இதைத்தான் அடுத்த வாயிற்கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மறுபடியும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வெளியே வந்து செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார். ரயிலில் தங்கையிடம், மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், படிக்காத ஜனம், வீணாகக் கலவரப்படும் என்றார். அவள் சரியென்றாள். கலவரப்படுவது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு சுப்பராயன் கும்மிடிப்பூண்டியைப் புதுக் கண்ணோடு பார்த்தார். சாவுக்கு அந்த ஊரில் வாகன வசதி ஏராளம். ஜி.என்.டி. ரோட்டில் ஒவ்வொரு லாரியும் முறுக்குக் கம்பியை வாலாக நீட்டிக்கொண்டு போனது. ஆலைக்குள் பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பாக ஓடிவருகிற இடத்தில், இத்தனை வருஷமாக நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றார். மறுநாள் இன்னோர் அடி. இப்படியே போனால் மாதக் கடைசியில் ஆபீஸ் ரூமுக்கே வந்துவிடுவார் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

எண்ணெய்த் தட்டு இருக்கத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை பிறந்தால் சங்கமே ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வரும். எதிர்ச் சங்கத்து எட்வர்ட் கட்டாயம் வருவான். தலைவர் தட்டில் குனிந்ததை அவன் பார்த்தால் அதற்கப்புறம் உயிர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஒரு நாள் டீக்கடையில், கூட இருபது வருஷமாக வேலை பார்க்கிற சின்னதுரையிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தார். கூட்டத்தில் கிழித்துத் தோரணம் கட்டுவதற்காகத்தான் கேட்கிறேன் என்ற முன்னுரையோடு.

"அது பொறந்தாதான தலைவரே," என்றார் சின்னதுரை. "ஆபரேசன் பண்ணி எடுத்தா பொறந்ததுல சேராது. எங்க அக்கா பொண்ணு மாலையோடதான் இருந்துச்சி. கத்தி வச்சி எடுத்துட்டாங்க. நான் இதோ உங்கூட டீ குடிச்சிக்கினு கீறேன்ல."

சுப்பராயன் அவரை மேலும் கீழும் பார்த்தார். சின்னதுரை திடகாத்திரமாக இருந்தார். அறிவியலுக்கு ஆதாரம்தானே முக்கியம்.

அன்று சாயங்காலமே கவரைப்பேட்டைக்குப் போனார். கோபால் சாப்பிட உட்கார்ந்திருந்தான். நவீன மருத்துவத்தின் வளர்ச்சியில் ஆரம்பித்து, வலியில்லாத பிரசவம் என்பது உழைக்கும் பெண்களின் உரிமை என்று வந்து, அப்புறம்தான் விஷயத்துக்குள் இறங்கினார். ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது தெரிந்தது என்றார். ஒரு சுற்று என்று டாக்டர் சொன்னதை எண்ணிக்கை இல்லாமல் விட்டுவிட்டார். லூஸாக இருக்கிறது என்று சொன்னதையும் விட்டுவிட்டார். கொடி என்ற வார்த்தையை நடுவில் எங்கேயோ சுருக்கு என்று மாற்றிக்கொண்டார். எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் நிர்வாகத்தைத் திணற அடித்த நாக்கு அது. கிரேன் ஓட்டுகிற கோபால் எந்த மூலைக்கு? அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

குப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ நினைவு வந்து நிறுத்தினாள்.

"அப்ப உங்களுக்கு இல்ல தம்பி ஆவாது?"

"என்னைப் பத்திப் பேச்சே வேணாம் அத்தை," என்றார் சுப்பராயன். "எனக்குப் புள்ளதான் முக்கியம்."

இப்படி ஒரு மனுஷனா என்று குப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதவோரத்தில் நின்ற குணசுந்தரி வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

நெடுஞ்சாலை ஓரத்து நர்சிங் ஹோம் ஒன்றில் வெள்ளிக்கிழமை காலைக்கு ஏற்பாடாயிற்று. எதற்காக ஆபரேஷன் என்று அங்கே கேட்கவில்லை, நல்ல நேரம் எது என்றுதான் கேட்டார்கள். நேரம் காலமெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை என்றார் சுப்பராயன். படியிறங்கியவர் திரும்பி வந்து, ஜனங்கள் ஏதாவது பேசுவார்கள், எதற்கும் ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குணசுந்தரி கோபாலிடம், நார்மல் ஆகும் என்று டாக்டரம்மா என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார்கள் என்றாள். அப்படியானால் மச்சான் பொய் சொல்கிறாரா என்று கேட்டான் அவன்.

"பொய் சொல்லல. பயப்படறாரு," என்றாள் அவள். "ஹெலன் மேடம் இன்னோரு வாட்டி பாக்கட்டும். அவங்க அறுக்க சொன்னா அறுத்துக்கறேன். எங்கண்ணன் சொன்னா அறுத்துக்க மாட்டேன்."

ஆனால் சுருக்கு என்ற சொல் அவளுக்குள்ளேயும் போயிருந்தது. உதைத்தால், திணறுகிறதோ என்று இருந்தது. உதைக்காவிட்டால் அதைவிட மோசமாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து வயிறு கல் மாதிரி கிடந்தது. இடது பக்கம் படுத்துப் பார்த்தாள், சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நேராக நர்சிங் ஹோமுக்குத்தான் கொண்டுபோவார்கள். ஹெலன் டாக்டரிடம் இன்னொரு தடவை காட்டிவிடலாம் என்று கோபால் அன்றைக்கு லீவு போட்டிருந்தான், விஷயம் தெரிந்து சுப்பராயனும் வந்து சேர்ந்துகொண்டார். பொன்னேரிக்கு ரயில் ஏறும்போது ஒரு பக்கம் கோபாலும் ஒரு பக்கம் சுப்பராயனும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கை சில்லென்று இருந்ததைச் சுப்பராயன் கவனித்தார். தன் கைதான் சில்லிட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இந்த முறை மூன்று பேருமே ஸ்கேன் அறைக்குள் போனார்கள். டாக்டர் வயிற்றில் ஜெல்லியைத் தடவி, கருவியை வைத்தார். அப்போதுதான் குணசுந்தரி மேலே சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலைலேர்ந்து ஆடவே இல்ல மேடம்."

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. திரையில் ஏதோ தெளியத் தொடங்கியது. அதற்குள் கரண்டு போய்விட்டது.

மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருஷம் அது. ஆனால் வெட்டுக்கென்று பொன்னேரிக்கு ஒதுக்கிய நேரம் அது இல்லை. டாக்டர் வெளியே பார்த்து ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை, முழு இருட்டு. வராந்தாவில் யாரோ ஓடினார்கள். ஜெனரேட்டர் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. டாக்டர் இன்னொரு கருவியைத் தேடி மேஜையைத் துழாவுகிற சத்தம் கேட்டது. கோபால் மூச்சு விடுவது கேட்டது. குணசுந்தரி மூச்சு விடுவது கேட்கவில்லை.

அந்த இருட்டில் சுப்பராயனுக்கு ஓர் எண்ணம் வந்தது. அவர் கூப்பிடாமல், வாசல் கதவைத் தட்டாமல், சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்தது. குழந்தை பிறக்காமலே போய்விட்டால் தனக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அந்த எண்ணம்.

பள்ளிக்கூடத்துக்கு அவர் சைக்கிள் பாரில் உட்கார்த்திவைத்துக் கூட்டிப்போன பெண் ஓரடி தூரத்தில் வயிற்றைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தாள். அவர் நின்றுகொண்டு கணக்குப் பார்க்கிறார். கட்டிலின் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ண்ணா," என்றாள் குணசுந்தரி. குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "யாருக்காவ என்னை அறுக்க சொல்ற? எனுக்காவயா, புள்ளக்காவயா?"

எத்தனையோ மேடைகளில் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொன்னவரிடம் இதற்கு ஒன்றுதான் இருந்தது.

"எனுக்காவத்தாம்மா," என்றார்.

கோபால் மூச்சு விடுவதும் நின்ற மாதிரி இருந்தது. வெளியே ஜெனரேட்டர் மறுபடி இருமி, இந்த முறை பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது. திரை வர நேரமாயிற்று. அந்த நேரம் முழுவதும் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

டாக்டர் கருவியை வைத்து அழுத்தினார். நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். ஒரு பட்டனைத் தட்டினார். அறை முழுக்க, தார் ரோட்டில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் நிறைந்தது.

"தூங்குதும்மா," என்றார் டாக்டர். விரலால் வயிற்றின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்தது தூக்கம் கலைந்த கோபத்தில் ஓர் உதை விட்டது. வயிறு மேடாகி இறங்கியதைக் கோபாலும் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொடி போன தடவை இருந்த மாதிரியேதான் இருந்தது. ஒரு சுற்று, லூஸாக. நார்மலுக்குக் காத்திருக்கலாம், பிரசவம் பார்க்கிற இடத்தில் மட்டும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று கோபால் தயங்கித் தயங்கிச் சொன்னதும், எந்த டாக்டர் சொன்னது என்று கேட்டார். கோபால் மச்சானைப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். சுப்பராயன், குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது என்ற போர்டு இந்த அறையிலும் இருக்கிறதா என்று தேடுகிறவர் போலச் சுவரைப் பார்த்தார்.

ஸ்டேஷனில் கோபால் அவரோடு பேசவில்லை. ரயில் வர நேரமாயிற்று. வெகுநேரம் கழித்து, தண்டவாளத்தைப் பார்த்தபடி, டீ சாப்பிடுகிறீர்களா மச்சான் என்று கேட்டான். சுப்பராயன் தலையை ஆட்டினார். நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமையை வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

கவரைப்பேட்டையில் இறங்கும்போது குணசுந்தரி, "பொறந்ததும் நீ வர வேணாம்ணா. ஒரு மாசம் போவட்டும், நானே தூக்கிக்கினு வரேன்," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. முதல் ஆளாக நான்தான் வந்து பார்ப்பேன் என்று அந்தப் பிளாட்பாரத்திலேயே அறிவித்தார். அடுத்த வாரம் வாயிற்கூட்டத்திலும் அறிவித்தார். தேவையில்லாத ஆபரேஷன்களைக் கண்டித்து அதே கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போட்டார்கள். முன்மொழிந்தவர் சுப்பராயன்.

பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் பகலிலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. தலை வந்ததும், மேடையில் போட்ட மாலையைத் தலைவர்கள் கழற்றுகிற மாதிரி நர்சு கொடியைக் கழற்றிவிட்டார். வார்டே அதிரும்படி குழந்தை அழுதது. குணசுந்தரி, அவ்வளவுதானா என்று நர்சைக் கேட்டாள். அவ்வளவுதான் என்றார் நர்சு.

சுப்பராயன் சொன்னபடி முதல் ஆளாக வந்தார். முதல் ஆளுக்குப் பின்னால் சின்னதுரையும், சங்கத்தில் ஒரு பத்துப் பேரும், ஆரஞ்சுப் பழப் பையோடு எதிர்ச் சங்கத்து எட்வர்டும் வந்தார்கள். குப்பம்மாள் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த எண்ணெய்த் தட்டை அரைவாசி வெளியே எடுத்து, யாருக்கும் கேட்காத மாதிரி, ஒரே ஒரு பார்வை தம்பி என்றாள். சுப்பராயன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதை மறுத்தார். உள்ளே வைங்க அத்தை, விண்வெளிக்கு ஆள் போகிற காலத்தில் ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்துப் பயப்பட நான் என்ன மந்தை ஆடா என்றார். எட்வர்டே தலையை ஆட்டிவிட்டான். தலைவர் தலைவர்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது கேட்டது.

அவர் கட்டிலண்டை போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நீட்டினார். குணசுந்தரி துணியோடு குழந்தையை எடுத்து அவர் கையில் வைத்தாள். வைத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை மட்டும் சரிசெய்தாள்.

"யாரு ஜாடை தம்பி?" என்று பின்னாலிருந்து கேட்டாள் குப்பம்மாள்.

"அப்படியே எங்கம்மா ஜாடை," என்றார் சுப்பராயன்.

அவர் இன்னும் கண்ணைத் திறந்திருக்கவில்லை.